சம்பாத்தியம் கல்விக்கு அளவுகோலா?

அமெரிக்க சர்வகலாசாலைகளின் விளையாட்டுச் செலவைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவோரும், டெலிவிஷனில் வாதிடுவோரும், நிர்வாக சபைகளில் அமர்ந்து முடிவெடுப்போரும் ஏறக்குறைய ஒரே குரலாகச் சொல்லிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பெண்களின் சாஃப்ட்பால் அணி போன்றவை சட்டத்தின் தயவால் நிற்பவை. தம் செலவைத் தாமே சம்பாதிக்கத் திராணியற்றவை. ஃபுட்பாலும் ஆண்களின் கூடைப்பந்தும் ஈட்டித்தரும் பணத்தில் பிழைப்பவை. ஆகையால் பணம் பங்கிடப்படும்போது அவை கடைசியில் நிற்பதும், நெருக்கடி வரும்போது முதலில் கலைக்கப்படுவதும் நியாயமே என்பது அந்த அபிப்பிராயம்.

மறுக்கப் புகுமுன் எதிராளியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துரைப்பது கடமை. அவர்கள் சொல்வது இது: ஒரு சாஃப்ட்பால் அணியை நடத்தப் பயிற்சியாளர்களின் சம்பளம், மைதானப் பராமரிப்பு, பிரயாணம், உபகாரச் சம்பளம், மருத்துவம் என்று ஆண்டுதோறும் பல லட்சம் டாலர் செலவாகிறது, நுழைவுச் சீட்டால் வருவது அதில் ஒரு சிறு பகுதி. 1972-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் ‘டைட்டில் நைன்’ என்று வழங்கும், கல்வியில் ஆண் பெண் பாரபட்சத்தைத் தடுக்கும் பிரிவு பெண்களின் எண்ணிக்கையைக் கேட்பதால், அந்த எண்ணிக்கையைக் காட்டவே இந்த அணிகளின் பட்டியல் நிரப்பப்படுகிறது. அதற்கு விலையாக ஆண்களின் மல்யுத்தமும் ஜிம்னாஸ்டிக்ஸும் பல இடங்களில் பலியாகிவிட்டன. பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரையில் நீளும் பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடும் மாணவி வகுப்பில் அமர்வது எப்போது, படிப்பது எப்போது? மேலும், ஆட்டக்காரர்களுக்குச் சர்வகலாசாலையே நேரடியாகப் பணம் தரலாம் என்ற காலம் வந்துவிட்டபடியால், சம்பாதித்துத் தருபவனுக்கே பங்கு என்பதுதானே நேர்மை? இப்படிப் பேசுவோர் எல்லாரும் பெண்களின் முன்னேற்றத்தை வெறுப்பவர்கள் என்று சொல்வது அநியாயமாகும். தாங்கள் ஆடிய அணி கலைக்கப்பட்டதைக் கண்ணால் கண்டு மனம் புண்பட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

ஆயினும் அவர்கள் வாதம் தவறு. அதன் ஏறக்குறைய ஒவ்வோர் அங்கமும் தவறு. விளையாட்டு கல்வியின் ஒரு பகுதி என்று சொல்லித்தான் சர்வகலாசாலைகள் அதை நடத்தும் உரிமையையும், அதில் வரும் வருமானத்துக்கு வரிவிலக்கையும், பொதுமக்களின் மதிப்பையும் பெற்றிருக்கின்றன. அந்த வாக்கு எந்த அணிகளின் விஷயத்தில் இன்றும் பெரும்பாலும் உண்மையாக இருக்கிறதோ, அந்த அணிகளை, அவை வியாபாரமாக மாறவில்லை என்ற ஒரே குற்றத்துக்காகத் தண்டிக்கச் சொல்வதே இந்த அபிப்பிராயத்தின் சாரம். இதை ஏற்றுக்கொண்டால் பெண்களின் சாஃப்ட்பால் மட்டும் அழிவதில்லை. சர்வகலாசாலை விளையாட்டு நடத்துவதற்கு உள்ள நியாயமே அழிந்துபோகிறது.

1. முதலாவது ஆட்சேபம்: இந்தக் கொள்கையைச் சொல்பவர்களே அதைக் கடைப்பிடிப்பதில்லை.

தன் செலவைத் தானே ஈட்டாத விளையாட்டுக்கு இடமில்லை என்பது விதியானால், அந்த விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய விளையாட்டுச் சங்கத்தில் அங்கம் வகிக்கும் ஆயிரத்துச் சொச்சம் கலாசாலைகளில், விளையாட்டுத் துறையின் வரவு செலவைவிட மிகுந்திருந்தவை 25 மட்டுமே என்று அந்தச் சங்கமே அறிவித்தது. மற்ற இடங்களில் எல்லாம் மாணவர்களிடம் வசூலிக்கும் கட்டணமும், சர்வகலாசாலையின் பொது நிதியும், சில மாநிலங்களில் அரசாங்கத்தின் பணமும் சேர்ந்தே பற்றாக்குறையை ஈடுசெய்கின்றன. அப்படிப் பற்றாக்குறை விழும் இடங்களில் ஃபுட்பால் அணியும் உண்டு. செலவுப் பட்டியலில் முதலிடம் பெரும்பாலும் அதற்கே. அதைக் கலைக்க வேண்டும் என்று இந்தக் கணக்கர்கள் சொல்வதில்லை. ஆண்களின் பேஸ்பால் பெரும்பாலான கலாசாலைகளில் சாஃப்ட்பாலைப் போலவே கைப்பணத்தைக் கரைக்கிறது. அதைப் பற்றியும் அவர்கள் வாய் திறப்பதில்லை. பெண்களின் அணி ஒன்றின் முன் வந்து நிற்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் விதியைப் பொருளாதார விதி என்று சொல்வதற்கில்லை.

செலவில் சிக்கனம் வேண்டும் என்ற வாதத்தையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். ஓக்லஹோமா சர்வகலாசாலை சாஃப்ட்பாலுக்கென்று 2024-இல் திறந்த 4,200 இருக்கைகள் கொண்ட புதிய மைதானத்துக்குச் சுமார் 4.8 கோடி டாலர் செலவாயிற்று. அதில் ஒரு பெரும் பகுதியைத் தனியார் நன்கொடையாகக் கொடுத்தார்கள். ஒரு பெண்கள் அணிக்கு இத்தனை கோடியா என்று வியந்தவர்கள் பலர். அதற்கு முந்திய நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலை தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர நேர்ந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் அதிகம். வேலை செய்வதற்காக அன்று, வேலை செய்யாமல் இருப்பதற்காக ஒரு மனிதருக்குத் தரப்படும் அந்தத் தொகையில், நாட்டின் மிகச் சிறந்த பெண்கள் மைதானங்களில் ஒன்றைக் கட்டி முடித்து, மீதியையும் கையில் வைத்துக்கொள்ளலாம். சிக்கனத்தை உபதேசிக்கத் தொடங்க வேண்டிய இடம் எது என்பதில் யாருக்கும் மயக்கம் இருக்க நியாயமில்லை.

2. இரண்டாவது ஆட்சேபம்: நஷ்டம் என்று எழுதப்படும் தொகை முழுவதும் நஷ்டமன்று.

விளையாட்டுத் துறையின் ஏட்டைப் பார்ப்பவர்கள் சர்வகலாசாலையின் ஏட்டைப் பார்ப்பதில்லை. ஃபுட்பாலில் உபகாரச் சம்பளம் பெறுபவனுக்கு முழுத் தொகையும் கிடைப்பது வழக்கம். சாஃப்ட்பாலிலோ, 2025 வரையில், என்.சி.ஏ.ஏ.யின் முதல் பிரிவைச் சேர்ந்த ஓர் அணிக்கு மொத்தம் 12 உபகாரச் சம்பளங்களே அனுமதிக்கப்பட்டிருந்தன. அந்தப் பன்னிரண்டை இருபதுக்கு மேற்பட்ட மாணவிகளுக்குப் பயிற்சியாளர் பகுத்துக் கொடுத்தார். பந்து வீசுபவளுக்குப் பெரும் பகுதி, நல்ல கேட்சருக்குப் பாதி, ஒருத்திக்குக் கால்வாசி, இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும், வேறொருத்திக்கு ஒன்றுமே இல்லை என்று அந்தப் பங்கீடு அமையும். மீதியைக் கட்டியது மாணவிகளின் குடும்பங்கள்.

இதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். ஆண்டுக்கு 40,000 டாலர் கட்டணம் உள்ள ஒரு கலாசாலையில் 20 பேர் கொண்ட அணிக்கு 12 உபகாரச் சம்பளங்கள் பங்கிடப்படுவதாக வைத்துக்கொள்வோம். விளையாட்டுத் துறையின் ஏட்டில் 4,80,000 டாலர் செலவாகப் பதிவாகும். ஆனால் அந்தத் தொகை கலாசாலையை விட்டு வெளியே போகவில்லை; ஒரு துறையின் பெட்டியிலிருந்து எடுத்து அதே கலாசாலையின் கட்டணப் பெட்டியில் போடப்படுகிறது. மேலும் 3,20,000 டாலர் குடும்பங்களிடமிருந்து ரொக்கமாக உள்ளே வருகிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வகுப்புகளில் இன்னும் இருபது பேர் அமர்வதால் ஏற்படும் அதிகச் செலவு, அச்சிட்ட கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். இந்த மாணவிகளில் சிலர் விளையாட்டு இல்லாவிட்டாலும் அதே கலாசாலைக்கு வந்திருப்பார்கள் என்பது மெய்யே. ஆகவே முழுத் தொகையையும் அணியின் வரவாக எழுத முடியாது. ஆனால் அதில் ஒரு காசையும் வரவில் எழுதாமல், செலவை மட்டும் கடைசிக் காசு வரை எழுதுவதற்குக் கணக்குச் சாஸ்திரத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

உபகாரச் சம்பளமே கொடுக்கக் கூடாது என்ற விதியுள்ள மூன்றாம் பிரிவில் நூற்றுக்கணக்கான சிறு கலாசாலைகள் சாஃப்ட்பால் அணிகளை வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிக்கும் அந்தக் கலாசாலைகளுக்கு, விளையாடும் ஆசையால் வந்து சேர்ந்து கட்டணம் கட்டிப் படிக்கும் இருபது மாணவிகள் பாரமல்லர், ஆதாரமாவார்கள்.

3. மூன்றாவது ஆட்சேபம்: பார்ப்பாரில்லை என்ற வாதம் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றி வைக்கிறது.

பெண்களின் விளையாட்டை ஜனங்கள் விரும்புவதில்லை, அதனால்தான் பணம் வரவில்லை என்கிறார்கள். விரும்புவதற்கு வாய்ப்பு எப்போது தரப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். ‘டைட்டில் நைன்’ சட்டமானபின், அதைத் தன் விளையாட்டுகளுக்குப் பொருந்தாமல் செய்ய என்.சி.ஏ.ஏ. அரும்பாடு பட்டது; 1976-இல் அதற்காக வழக்கும் தொடுத்துத் தோற்றது. பெண்களின் விளையாட்டைத் தனிச் சங்கம் அமைத்து நடத்திவந்தவர்கள் பெண்களே. என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாஃப்ட்பாலில் தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது 1982-இல்தான். ஆண்களின் போட்டிகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கிடைத்துவந்த விளம்பரமும் ஒளிபரப்பும் முதலீடும் கிடைக்காத விளையாட்டு, அவற்றைப் பெற்ற விளையாட்டுக்குச் சமமாகச் சம்பாதிக்கவில்லை என்பதைத் தகுதியின்மைக்குப் பிரமாணமாகக் காட்டுவது, பட்டினி போட்டுவிட்டு மெலிவைப் பழிப்பதாகும்.

வாய்ப்புக் கிடைத்த இடத்தில் நடந்தது என்ன? 1990 முதல், ஒரே ஒரு வருஷம் நீங்கலாக, இறுதிச் சுற்று ஓக்லஹோமா சிட்டியில் நடந்துவருகிறது. அது நடக்கும் அரங்கம் இப்போது 13,000 பேர் அமரும்படி விரிவாக்கப்பட்டிருக்கிறது. 2028 ஒலிம்பிக்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கு உரியதாயினும், அதன் சாஃப்ட்பால் ஆட்டங்களை இந்த ஓக்லஹோமா அரங்கத்திலேயே நடத்த ஏற்பாடாகியிருக்கிறது. 2021-இல் பெண்களின் இறுதிச் சுற்று ஆட்டங்களைச் சராசரியாகச் சுமார் 12 லட்சம் பேர் டெலிவிஷனில் பார்த்தார்கள். அதே ஆண்டில் ஆண்களின் பேஸ்பால் இறுதிச் சுற்றைப் பார்த்தவர்களின் சராசரி எட்டு லட்சத்துக்கும் குறைவு. 2025-இல் டெக்ஸஸ் அணி டெக்ஸஸ் டெக் அணியை வென்று முதன்முறையாகச் சாம்பியனான கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 24 லட்சம் பேர்.

இதே 2021-இல்தான் என்.சி.ஏ.ஏ. தன் போட்டிகளில் ஆண் பெண் வேற்றுமையை ஆராயும்படி ஒரு வக்கீல் ஸ்தாபனத்தை நியமித்தது. ஆண்களுக்கு ஆட்டங்களுக்கிடையே ஓய்வு நாட்கள் இருக்க, பெண்கள் நள்ளிரவைத் தாண்டி ஆடி முடித்துவிட்டு மறுநாளே மறுபடியும் களமிறங்கும்படி அட்டவணை அமைந்திருந்தது. அடுத்த ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது. அதிகம் பேர் பார்த்த போட்டிக்குக் குறைந்த வசதி செய்து கொடுத்தவர்கள், தாங்கள் சந்தையின் கட்டளைக்குப் பணிந்து நடப்பதாகச் சொல்லிக்கொள்ள உரிமையற்றவர்கள்.

4. நான்காவது ஆட்சேபம்: விருப்பமில்லாத பெண்களைக் கொண்டு பட்டியலை நிரப்புகிறார்கள் என்பது நீதிமன்றத்திலேயே தோற்றுப்போன வாதம்.

1992-இல் கொலராடோ மாநில சர்வகலாசாலை பணத்தட்டுப்பாட்டைக் காட்டிப் பெண்களின் சாஃப்ட்பாலையும் ஆண்களின் பேஸ்பாலையும் ஒன்றாகக் கலைத்தது. இரு பாலார் அணிகளையும் சமமாக வெட்டினோம், இதில் பாரபட்சம் எங்கே என்பது நிர்வாகத்தின் வாதம். ஆனால் அந்த வெட்டுக்குப் பின்னும், மாணவர் தொகையில் பெண்களின் விகிதத்துக்கும் ஆட்டக்காரர் தொகையில் அவர்களின் விகிதத்துக்கும் இடையே 10.5 சதவீத வித்தியாசம் இருந்தது. ஏற்கெனவே குறைவாகப் பெற்றவளிடமும் நிறைவாகப் பெற்றவனிடமும் ஒரே அளவு பறிப்பது சமத்துவமாகாது. அணியின் மாணவிகள் வழக்குத் தொடுத்தார்கள்; அணியை மீண்டும் அமைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது; 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணமில்லை என்பது ஒருவரின் உரிமையை மட்டும் பறிக்கச் சமாதானம் ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

லூயிசியானா மாநில சர்வகலாசாலையின் கதை இன்னும் தெளிவானது. அங்கே 1983-இல் சாஃப்ட்பால் அணி கலைக்கப்பட்டது. ஏன் என்பதற்குத் தக்க விளக்கம் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆண்டுகள் பல சென்றபின் விளையாட விரும்பிய மாணவிகள் நீதிமன்றத்தை நாடியபோது, பெண்களிடையே போதிய ஆர்வமும் திறமையும் இல்லை என்று நிர்வாகம் வாதிட்டது. மாணவர்களில் பெண்கள் 49 சதவீதம். ஆட்டக்காரர்களில் அவர்கள் 29 சதவீதம். பழங்கால மனப்பான்மையோடு நடந்துகொண்டது அறியாமை என்று மன்னிக்கத்தக்கதன்று, அது வேண்டுமென்றே செய்த பாரபட்சமே என்று 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறியது. இதற்கிடையில், வழக்கின் நெருக்கடியில், 1997-இல் அணி மறுபடியும் அமைக்கப்பட்டிருந்தது. ஆர்வமும் திறமையும் இல்லை என்று சொல்லப்பட்ட அந்த இடத்திலிருந்து எழுந்த அணி, தன் ஐந்தாவது பருவமான 2001-இல் தேசிய இறுதிச் சுற்றை அடைந்தது. நிர்வாகத்தின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த வக்கீலாலும் எழுத முடியாது.

மல்யுத்தம் பலியானதற்குச் சாஃப்ட்பாலைப் பழிப்பவர்கள் ஃபுட்பாலின் பட்டியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிழைப்புக்காக ஆடும் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் சங்கத்தில் ஓர் அணியின் பட்டியல் 53 பேரோடு நின்றுவிடுகிறது. கலாசாலை அணிகளிலோ நெடுங்காலம் 85 பேருக்கு முழு உபகாரச் சம்பளம் அளிக்கப்பட்டுவந்தது. இப்போது 105 பேர் வரை பட்டியலில் இருக்கலாம். அந்த நூற்றைந்தில் முப்பதைக் குறைத்தால் ஒரு மல்யுத்த அணிக்கு இடம் கிடைக்கும். 25 பேரோடு நிறுத்தப்பட்டுள்ள சாஃப்ட்பால் பட்டியலைத் துடைத்தெறிய வேண்டிய அவசியம் எழாது. ஆண்களின் சிறு விளையாட்டுகளை விழுங்கியது ஆண்களின் பெரிய விளையாட்டே.

பெண்களுக்கு ஆர்வமில்லை என்று இன்னும் சொல்வோருக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ‘டைட்டில் நைன்’ சட்டமாவதற்கு முந்திய கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. 2018-19-இல் சுமார் 34 லட்சம். சட்டம் கதவைத் திறந்ததேயன்றி ஒருவரையும் கையைப் பிடித்து உள்ளே இழுக்கவில்லை.

5. ஐந்தாவது ஆட்சேபம்: படிப்புக் கெடுகிறது என்பதில் உண்மை உண்டு, ஆனால் குற்றவாளியை மாற்றிக் காட்டுகிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் எதிராளி சொல்வதை நான் பாதி ஏற்கிறேன், ஏற்பதாலேயே மறுக்கிறேன். என்.சி.ஏ.ஏ.யின் விதிப்படி, பருவ காலத்தில் ஒரு மாணவி வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டில் ஈடுபடுத்தப்படலாகாது. ஆனால் அந்த இருபதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று உற்று நோக்க வேண்டும். ஆட்டம் நடக்கும் நாள், அது எத்தனை நேரம் நீண்டாலும், மூன்று மணி நேரமாகவே எழுதப்படும். பிரயாண நேரம் கணக்கிலேயே சேராது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வெளியூரில் ஆடும் மாணவி வியாழனன்றே புறப்படுகிறாள். நடுப்பகலிலேயே மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி செய்து, மாலையில் ஆடி, ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸ்களுக்குப் போனால் இரவு வரை நின்று, விடுதிக்குத் திரும்பி, ஞாயிறு பின்னிரவில் ஊர் வந்து, திங்கள் காலை வகுப்புக்குப் போகிறாள். அந்த மூன்று நாளும் ஏட்டில் ஒன்பது மணி நேரமே. இது மெய்யான கணக்கன்று. இதைத் திருத்தத்தான் வேண்டும்.

ஆனால் அவளை நெடுந்தூரம் அலைய வைத்தது யார்? 2024-இல் பசிபிக் கரையின் பழைய சங்கம் சிதறிப்போனபோது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து யு.சி.எல்.ஏ., நியூ ஜெர்சியில் உள்ள ஒரு சர்வகலாசாலையோடு ஒரே சங்கத்தில் சேர்ந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய சங்கத்தில் போய் அமர்ந்தன. மூன்று மணி நேரக் கால வித்தியாசம் உள்ள ஊர்களுக்கு மாணவிகள் பருவந்தோறும் பறக்கும்படி ஆயிற்று. சாஃப்ட்பால் மாணவிகளோ அவர்கள் பயிற்சியாளர்களோ இதைக் கேட்கவில்லை. ஃபுட்பாலின் டெலிவிஷன் ஒப்பந்தம் பெரிதாக வேண்டும் என்பதற்காகவே சங்கங்கள் கலைந்து சேர்ந்தன. ஃபுட்பால் அணி பருவத்தில் ஒரு டஜன் ஆட்டங்கள் ஆடும், அதிலும் ஏறக்குறைய பாதி சொந்த ஊரில். சாஃப்ட்பால் அணி ஐம்பதுக்கு மேல் ஆடும். பணம் ஒருவருக்கு, அலைச்சல் மற்றொருவருக்கு என்று ஏற்பாடு செய்துவிட்டு, அந்த அலைச்சலையே காரணமாகக் காட்டி அவள் அணி படிப்புக்குப் பகை என்று சொல்வது கொடுமை.

இத்தனை இடையூறுகளுக்கிடையிலும் அவர்கள் படிக்காமல் இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தாலொழிய ஆட முடியாது என்பது முதல் பிரிவின் விதி. என்.சி.ஏ.ஏ. ஆண்டுதோறும் வெளியிடும் பட்டதாரி விகிதக் கணக்கில் பெண் ஆட்டக்காரர்கள் ஆண்களைவிட மேலே நிற்பது வழக்கமாகிவிட்டது. யு.சி.எல்.ஏ.யில் ஆடிய டாட் ரிச்சர்ட்ஸன், 1996 ஒலிம்பிக்ஸில் சாஃப்ட்பால் முதன்முதலாக இடம்பெற்றபோது சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தங்கத்தைத் தேடித்தந்த ஹோம் ரன்னை அடித்தார். எலும்பு அறுவை மருத்துவத்தில் அப்போது அவர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த டாக்டர். எல்லா மாணவிகளும் அவராக முடியாது. ஆனால் விளையாட்டும் வித்தையும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு அவர் சாட்சி.

6. ஆறாவது ஆட்சேபம்: சம்பாதித்தவனுக்கே பங்கு என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துத் தள்ளப்பட்ட கொள்கை.

1974-இல் டெக்ஸஸ் மாநிலத்து செனட்டர் ஜான் டவர், வருமானம் தரும் விளையாட்டுகளுக்கு ‘டைட்டில் நைன்’ பொருந்தலாகாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு விளையாட்டின் தன்மையையும் கருத்தில் கொண்டு நியாயமான விதிகள் அமைக்கலாம் என்ற வேறொரு திருத்தமே சட்டமாயிற்று. ‘டைட்டில் நைன்’ சட்டத்துக்காகப் பாடுபட்ட ஹவாயிப் பிரதிநிதி பாட்ஸி மிங்க்கின் பெயர் பிற்காலத்தில் அதற்கே சூட்டப்பட்டது. மக்கள் மன்றத்தில் தோற்ற கொள்கை இப்போது ஒப்பந்த வழியாகத் திரும்பி வருகிறது.

2025 ஜூன் 6-ஆம் தேதி என்.சி.ஏ.ஏ.க்கு எதிராக ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, முன்னாள் ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நஷ்டஈடு தரவும், அதில் பங்கேற்கும் ஒவ்வொரு சர்வகலாசாலையும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கிடவும் வழி ஏற்பட்டது. பல இடங்களில் பேசப்பட்டுவரும் பங்கீட்டு முறை, ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லா அணிகளுக்கும் சேர்த்து 5 என்பது. சாஃப்ட்பால் அந்தக் கடைசி ஐந்தில் பல அணிகளோடு பங்குக்கு நிற்க வேண்டும். இந்தப் பணம் கல்வி உதவியைப் போன்றது, ஆகையால் ‘டைட்டில் நைன்’ இதற்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் மத்தியக் கல்வி இலாகா அறிவித்தது; ஆட்சி மாறியபின் பிப்ரவரியில் அதே இலாகா அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இங்கே எதிராளி, திறமையுள்ளவளுக்குச் சந்தையே பணம் தருமே என்பார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்ஸஸ் டெக்குக்கு மாறிய பந்துவீச்சாளர் நிஜாரி கனடி 2024-இல் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பெற்றதைச் சுட்டிக்காட்டுவார். அந்தச் சாட்சி என் பக்கத்துச் சாட்சி. மதிப்பற்றது என்று சொல்லப்படும் விளையாட்டில் ஒருத்தியின் கைக்கு அத்தனை விலை கிடைத்தது என்பது, முதலீடு செய்தால் மதிப்பு வளரும் என்பதையே காட்டுகிறது. ஆயினும் ஒருத்தி பெற்ற விலை மற்ற இருபத்து நால்வரின் உரிமைக்கு ஈடாகாது. நன்கொடையாளர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். சர்வகலாசாலை தன் கையால் கொடுக்கும் பணம் அதன் மாணவர்களுக்குக் கொடுப்பது. மாணவன் என்ற முறையிலும் மாணவி என்ற முறையிலும் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு காட்ட அதற்கு அதிகாரம் இல்லை.

எஞ்சியிருக்கும் ஒரு கேள்வி: சாஃப்ட்பாலும் அதே வியாபாரப் பாதையில் போகவில்லையா? போகக்கூடும். 1995-இல் யு.சி.எல்.ஏ. வென்ற சாம்பியன் பட்டம், வேறு பெண்கள் அணிக்குரிய உபகாரச் சம்பளங்களைச் சாஃப்ட்பால் மாணவிகளுக்குக் கொடுத்து வரம்பை மீறியதற்காகப் பின்னர் பறிக்கப்பட்டது. பயிற்சியாளரின் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய இடமும் உண்டு. ஃபுட்பாலின் தோஷங்களைச் சாஃப்ட்பால் சுவீகரித்தால் என் வாதம் அதற்குத் துணை நிற்காது. கல்வி என்ற அளவுகோல் இரு பாலாருக்கும் ஒன்றே. நான் கேட்பது சலுகையன்று; ஒரே அளவுகோல்.

அந்த அளவுகோலை ஏற்பவர்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் அணியின் வரவிலும் மாணவர் கட்டும் கட்டணத்தைச் சேர்த்து எழுதி, பயிற்சியாளர்களை நீக்கும்போது தரும் தொகைகள் உட்பட எல்லாச் செலவையும் அணிவாரியாக வெளியிட வேண்டும். ஃபுட்பாலின் ஒளிபரப்புக்காக அமைந்த சங்கங்கள் ஃபுட்பாலோடு நிற்கட்டும். மற்ற விளையாட்டுகளை அண்டை அயல் கலாசாலைகளோடு ஆட விட வேண்டும். வாரத்துக்கு இருபது மணி என்ற விதியில் பிரயாணமும் ஆட்ட நாளின் மெய்யான நேரமும் சேர வேண்டும். சர்வகலாசாலை தன் ஆட்டக்காரர்களுக்குப் பங்கிடும் பணம் மாணவர் உதவியாகக் கருதப்பட்டு, அதற்குரிய சட்டத்துக்கு உட்பட வேண்டும். இவற்றை மறுக்க எண்ணும் நிர்வாகிகள், தாங்கள் நடத்துவது கல்வியன்று, வியாபாரம் என்று வெளிப்படையாகச் சொல்லி, வியாபாரிக்குரிய வரியைக் கட்ட முன்வர வேண்டும். வரிவிலக்கைக் கல்வியின் பெயரால் பெற்றுக்கொண்டு, பங்கீட்டை வியாபாரத்தின் பெயரால் செய்வதற்கு எந்த நியாயமும் இடம் கொடுக்காது. அந்த இரட்டைக் கணக்குக்கு விலையாகப் பெண்களின் அணிகளைக் கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.